வாங்கியவர்களின் கடமை

(திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களாகத் தவக்காலத்தில் கூடிய குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கடவுளின் தாராளத்துக்கு நாம் எப்படிப் பொறுப்போடு பதில் தருவது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடவுள் வாரி வழங்குகிறவர் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதைப் பாடுகிறோம், மன்றாட்டில் சொல்கிறோம், நோயிலிருந்து எழுந்தால் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். ஆனால் அவர் கொடுத்தது நம் கைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. நன்றி சொன்னதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறோம். வாங்கியவருக்கு நன்றியோடு சேர்ந்து கணக்கும் உண்டு. எவ்வளவு வாங்கினோம், யாருக்காக வாங்கினோம், அது இப்போது எங்கே இருக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் வீட்டிலும் பங்கிலும் நேர்மையாகப் பதில் எழுதிவைப்பதுதான் நம் பதில் என்று நான் நம்புகிறேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் நாம் வாங்கிய கதையைப் பார்ப்போம். அது நம் மாவட்டத்திலேயே நடந்த கதை.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்வார்கள். மழை பொய்த்தது, ஏரிகள் வறண்டன, விலை ஏறியது. அந்த நேரத்திலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று அரசின் சிறப்புப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் அளவு. நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு அதுதான் ஆகாரம். அன்றைய வட ஆற்காடு மாவட்டம், அதாவது இன்றைய நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய நிலம், இந்தப் பஞ்சத்தில் மிகவும் அடிபட்டது.

அந்த நாட்களில் நம் சேத்துப்பட்டில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த தந்தை தாராஸ் இருந்தார். வட ஆற்காட்டின் திருத்தூதர் என்று அவரைப் பின்னாளில் அழைத்தார்கள். பசித்தவர்கள் அவரிடம் வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சேரி மக்கள். பஞ்சம் முதலில் கொல்வது நிலமில்லாதவனைத்தான். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்கும் பெற்றார்கள். இன்று சேத்துப்பட்டில் லூர்து அன்னை ஆலயம் ஓங்கி நிற்கிறது, பக்கத்திலேயே புனித தோமா மருத்துவமனை தொழுநோயாளருக்கும் மற்றவருக்கும் மருத்துவம் செய்கிறது. 1952இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது அதன் விசுவாசிகளில் பலருடைய குடும்ப வரலாறு அந்தப் பஞ்ச காலத்தில்தான் தொடங்கியிருந்தது.

கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்று நம்மை ஏளனம் செய்தவர்கள் உண்டு. அதைக் கேட்டு நம் பெரியவர்கள் கூசிப்போனார்கள், அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்தார்கள். நான் அதை மறைக்க விரும்பவில்லை. பசித்த நேரத்தில் மனிதனாக மதித்து உணவு தந்தவரிடம் போனதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பசித்தவர்களைச் சாகவிட்டவர்களுக்குத்தான் வெட்கம். நமக்கு வரவேண்டியது வெட்கம் இல்லை, கடமை உணர்ச்சி. நாம் பெற்றுக்கொண்ட மக்கள். அதை மறந்துவிட்டால் தருவதற்கான காரணமும் மறந்துபோகும்.

அந்த உணவுக்கும், நம் பக்கத்துக் கோவில்களுக்கும் பள்ளிகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் செல்வர்களிடமிருந்து என்றே பலர் நினைக்கிறோம். பெரும் செல்வர்களும் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காலத்து மறைப்பணிகளைத் தாங்கிய பெரிய அமைப்பு ஒன்று ஏழைகளிடமிருந்து பிறந்தது. பிரான்சில் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பெயர்போனது. அங்கே 1799இல் பிறந்த பவுலின் ஜாரிகோ என்ற பெண் பட்டாலைகளில் வேலை செய்த பெண்களிடம் ஒரு யோசனை சொன்னார். வாரம் ஒரு சூ கொடுங்கள். இருபது சூ சேர்ந்தால்தான் ஒரு பிராங்க். அவ்வளவு சிறிய காசு. பத்துப் பேருக்கு ஒருவர் வசூலிப்பார், அப்படிப்பட்ட பத்துக் குழுக்களுக்கு மேலே ஒருவர், அதற்கும் மேலே ஒருவர். இந்த ஏற்பாடே 1822இல் விசுவாசப் பரப்புதல் சங்கமாக முறைப்படி உருவெடுத்தது. புதுச்சேரி மறைப்பணித் தளமும் அதன் உதவியைப் பெற்றது. சேத்துப்பட்டு அன்று புதுச்சேரியைச் சார்ந்திருந்தது.

அந்தச் சங்கம் செய்த இன்னொரு காரியத்தை நீங்கள் முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டும். அது தன் இதழில் வரவையும் செலவையும் அச்சிட்டது. எந்த மறைமாவட்டம் எவ்வளவு கொடுத்தது, எந்த நாட்டு மறைப்பணிக்கு எவ்வளவு போனது என்று வருடந்தோறும் வெளியிட்டது. வாரம் ஒரு சூ கொடுத்த நெசவுக்காரப் பெண்ணுக்கும் அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை இருந்தது. பவுலின் ஜாரிகோவின் கடைசிக் காலம் துயரமானது. தொழிலாளர் நலனுக்காக ஒரு தொழிற்சாலை தொடங்க முயன்று, நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டு, கடனில் மூழ்கி, 1862இல் வறுமையில் இறந்தார். 2022 மே 22 அன்று லியோனில் திருஅவை அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கியது. அவர் முகத்தை நாம் பார்த்ததில்லை, அவரும் வட ஆற்காட்டைப் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த மண்ணின் கத்தோலிக்கக் குடும்பங்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன.

அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? லியோனுக்கு மணியார்டர் அனுப்பித் தீராது. வாங்கிய நிலையிலிருந்து கொடுக்கும் நிலைக்கு வருவதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. இப்போது காலமும் அதைத்தான் கேட்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் புதிதாக வந்தது, 2020இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. வெளிநாட்டு உதவி டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் வர வேண்டும், வாங்கிய அமைப்பு வேறு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதிகள் இறுகிவிட்டன. அந்தத் திருத்தத்தின் நியாய அநியாயத்தை விவாதிக்க இது மேடை இல்லை. நம் பங்குக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வரும் என்று காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. இனி நம் ஏழைகளை நாம்தான் பார்க்க வேண்டும், நம் உபதேசியாருக்கு நாம்தான் சம்பளம் தர வேண்டும், நம் கோவிலுக்கு நாம்தான் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

சரி, கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? இங்கே மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் பிரிவைத் திறந்து பாருங்கள். வெளியூர் போகும் தலைவர் தன் பணியாளர்களை அழைத்து ஒருவரிடம் ஐந்து தாலந்தும், ஒருவரிடம் இரண்டும், ஒருவரிடம் ஒன்றும் ஒப்படைக்கிறார். ஒன்று மட்டும் கிடைத்தவன் பாவம், அவனுக்குக் கிடைத்தது அற்பம் என்று சிறுவயதிலிருந்தே நமக்கு ஓர் எண்ணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து என்பது 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒரு நாள் கூலி. நம் ஊர் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு தாலந்து 20 லட்சம் ரூபாய்க்கும் மேலே. குறைவாகப் பெற்றவன் என்று நாம் இரக்கப்பட்டவனின் கையில் தலைவர் ஒரு கூலியாளின் பாதி ஆயுள் உழைப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவன் அதைக் குழிதோண்டிப் புதைத்தான். திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை, ஒரு காசு குறையாமல் திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் கண்டிக்கப்பட்டான். ஏனென்றால் தலைவர் எவ்வளவு பெரிய நம்பிக்கையைத் தன்மேல் வைத்தார் என்பதை அவன் உணரவில்லை. தலைவர் கடினமானவர் என்று பயந்தான். பயந்தவன் கையால் எதுவும் பெருகுவதில்லை.

நம் பக்கத்து ஏரிப்பாசனத்தில் நீர்கட்டி என்று ஒருவர் இருந்ததை இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து, இரவிலும் வரப்பில் நடந்து, கடைமடை வரை கொண்டுசேர்ப்பார். அறுவடையில் அவருக்கு நெல் பங்கு உண்டு. பெரும்பாலும் அவர் நிலமில்லாத தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். தனக்கென்று வயல் இல்லாததால் யார் பக்கமும் சாயாமல் தண்ணீரைப் பிரிப்பார் என்று ஊர் நம்பியது. தண்ணீர் அவருடையது இல்லை, ஆனால் தண்ணீருக்குப் பொறுப்பு முழுக்க அவருடையது. கடவுள் நம்மிடம் கொடுத்திருக்கும் பணம், படிப்பு, பதவி, உடல் வலிமை எல்லாவற்றிலும் நம் நிலை அந்த நீர்கட்டியின் நிலை. ஏரியைப் பட்டா போட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. கடைசி வயல் காய்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இது என் சொந்தக் கருத்து இல்லை, திருஅவை நெடுங்காலமாகச் சொல்லிவருவதுதான். நீ பூட்டிவைத்திருக்கும் உணவு பசித்தவனுக்கு உரியது என்ற பொருளில் நான்காம் நூற்றாண்டிலேயே புனித பெரிய பசிலியார் போதித்தார். உயிர் போகும் வறுமையில் ஒருவன் பிறர் பொருளில் தேவையானதை எடுத்தால் அது திருட்டாகாது என்று தூய தாமஸ் அக்குவினா எழுதினார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், குடும்பத்தின் தேவைக்கும் தகுதிக்கும் போக மிஞ்சியதை ஏழைகளுக்குத் தருவது கடமை என்றார். தனிச்சொத்தின்மேல் ஒரு சமூக அடமானம் இருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் எழுதினார். பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். ஆனால் அடமானம் இருக்கும்வரை அந்தச் சொத்தைப் பற்றி நாம் மட்டும் முடிவெடுக்க முடியாது.

அடுத்து, எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி வரும். பத்தில் ஒன்று என்று நம் சகோதர சபைகளில் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருஅவைச் சட்டம் விசுவாசிகளைத் திருஅவையின் தேவைகளுக்கு உதவச் சொல்கிறது, சதவீதம் குறிக்கவில்லை. சதவீதம் இல்லாததைச் சலுகையாக எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை பக்கத்து வரிசைக்கு வந்த பிறகு சட்டைப் பையில் சில்லறை தேடுவது கொடுப்பது ஆகாது. அது மிச்சத்தைத் தள்ளிவிடுவது. சம்பளமோ கூலியோ வந்த அன்றே, பால் கணக்குக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒதுக்குவதுபோல, பிறருக்கென்று ஒரு தொகையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பேசி, பிள்ளைகளுக்கும் தெரிய ஒதுக்குங்கள். சிறிய தொகையாக இருக்கலாம். யோசித்துத் தீர்மானித்த தொகையாக இருப்பதுதான் முக்கியம்.

சிறிய தொகை என்றதும் மாற்கு நற்செய்தியின் ஏழைக் கைம்பெண் நினைவுக்கு வருவார். கோவில் காணிக்கைப் பெட்டியில் அவர் போட்ட இரண்டு காசும் சேர்ந்து ஒரு தெனாரியத்தில் 64இல் ஒரு பங்கு. முன்பு சொன்ன கூலிக் கணக்கில் ஐந்தேகால் ரூபாய். எல்லோரையும்விட அவரே அதிகம் போட்டார் என்று இயேசு சொன்னதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முந்தைய வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். நீண்ட வேண்டுதல் செய்துகொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்று மறைநூல் அறிஞர்களைக் கண்டித்த கையோடுதான் இயேசு இந்தக் கைம்பெண்ணைச் சுட்டிக் காட்டுகிறார். அடுத்த பிரிவின் தொடக்கத்திலேயே அந்தக் கோவில் கல்லின்மேல் கல் இராதபடி இடியும் என்கிறார். கொடுத்தவரின் மனத்தைப் போற்றினார் என்பது ஒரு பாதி. பிழைப்புக்கு வைத்திருந்த கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட கோவில் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தது என்ற கேள்வி மறு பாதி. கைம்பெண்ணின் காசை உதாரணம் காட்டி நன்கொடை கேட்கும் ஒவ்வொரு பங்கும் இந்த மறு பாதிக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

எனவே கொடுப்பவரிடம் கேட்கும் கணக்கைப் பெறுபவரிடமும் கேட்க வேண்டும். முதல் திருஅவை இதில் மிகக் கவனமாக இருந்தது. எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டார்கள். முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துப் பந்தியின் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பவுல் எருசலேம் ஏழைகளுக்காக மக்கதோனியாவிலும் கொரிந்திலும் நிதி திரட்டியபோது தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் யாரும் குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது, கடவுள் பார்வையில் மட்டும் அல்ல, மனிதர் பார்வையிலும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று அதற்குக் காரணமும் எழுதினார். தமஸ்கு வழியில் ஆண்டவரைக் கண்டவரே தன் சொல் போதும் என்று நினைக்கவில்லை, சாட்சிகளைக் கூட வைத்துக்கொண்டார். சுமார் 155ஆம் ஆண்டில் உரோமையில் எழுதிய புனித யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டில் சேர்ந்த காணிக்கை அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் உள்ளவர்கள், அந்நியர்கள் ஆகியோருக்குப் போனது என்று விவரிக்கிறார். அந்தப் பட்டியலில் முதலில் வருவது மனிதர்கள், கட்டடம் இல்லை.

இன்றைய சட்டமும் இதற்குக் குறைந்தது இல்லை. 1983இன் திருஅவைச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்க வேண்டும் என்கிறது. விசுவாசிகள் தந்த பொருள்களுக்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்டச் சொல்கிறது. ஒரு நோக்கத்துக்குத் தந்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது. வறுமையின் காரணமாக யாருக்கும் அருள்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்று எச்சரிக்கிறது. 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும் வெளிப்படைத்தன்மையையும் ஆண்டுக் கணக்கு வெளியீட்டையும் நிதிக் குழுக்கள் உண்மையாகச் செயல்படுவதையும் வலியுறுத்துகிறது. பங்குக் கணக்கைக் கேட்பது பங்குத்தந்தையை அவமதிப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தந்தையர் சிலரும் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைத் திறந்து வைப்பதால் முதலில் காப்பாற்றப்படுவது அந்தப் பங்குத்தந்தையின் நற்பெயர்தான். வதந்தி வளர்வது இருட்டில். வருடம் ஒருமுறை ஞாயிறு திருப்பலி முடிவில் வரவு செலவை வாசித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவைத்தால் கொடுப்பவர் கையும் தாராளமாகும்.

நம் கோவில்களில் நல்ல உள்ளத்தோடு நடக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்விசிறி வாங்கித் தந்தால் இறக்கையில் பெயர், குழல்விளக்கில் பெயர், பீடப் படியில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர். இறந்த தாய் தந்தையின் நினைவாகத் தரும் பிள்ளைகளின் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெயர் எழுத முடிந்த பொருளுக்குத்தான் கொடை வருகிறது என்ற நிலை வந்துவிட்டால் பெயர் எழுத முடியாத தேவைகள் அநாதையாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தில் யார் பெயரைப் பொறிப்பது? சிறுநீரகம் கெட்டு வாரம் இருமுறை டயாலிசிஸ் போகிறவரின் பேருந்துச் செலவில் எங்கே எழுதுவது? புனித வின்சென்ட் தே பால் சபையின் பழக்கம் ஒன்று உண்டு. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாமும் அவர் தோழர்களும் தொடங்கிய அந்தச் சபையின் கூட்டங்களில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பிறகு உறுப்பினர்கள் இருவர் இருவராகத் தேவையுள்ளவர் வீட்டுக்கே போவார்கள். வாங்குகிறவரை வரிசையில் நிறுத்தாமல், படம் எடுக்காமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் கொடுப்பார்கள். வாங்கிய பரம்பரையில் வந்த நமக்கு, வாங்குகிறவரின் மானம் எவ்வளவு பெரியது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கொடுப்பது என்றால் பணம் மட்டும்தானா? இது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மக்கள் குறைதீர்ப்பு நாளுக்கு ஜவ்வாது மலையிலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் செங்கத்திலிருந்தும் பேருந்து ஏறி ஏழைகள் வருகிறார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அட்டை என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தேவை. எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும், எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்று தெரியாமல் அலைகிறவர்கள் அதில் நிறைய. இந்தக் கூட்டத்தில் அரசு ஊழியர்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், கணினி தெரிந்த இளைஞர்கள் இருக்கிறீர்கள். திங்கள் காலை இரண்டு மணி நேரம், இருவர் முறைவைத்து உட்கார்ந்து, எந்த மதத்தவர் எந்தச் சாதியினர் என்று பாராமல் இலவசமாக மனு எழுதிக் கொடுத்தால் அதுவும் காணிக்கைதான். கடவுள் உங்களுக்குத் தந்த எழுத்தறிவை அன்று நீங்கள் அவருக்கே திருப்பித் தருகிறீர்கள்.

நாம் வாழ்வது தருமத்துக்குப் பெயர்போன திருவண்ணாமலையின் வாசலில். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடப்பதைப் பார்க்கிறோம். வடலூரில் வள்ளலார் 1867 மே மாதம் ஏற்றிய அணையா அடுப்பு, தாது வருடப் பஞ்சம் வருவதற்கு முன்பே எரியத் தொடங்கி இன்றும் எரிகிறது. சாதி பார்க்காமல் பசித்த எவருக்கும் சோறு போட வேண்டும் என்பது அவர் நெறி. பசித்தவனிடம் பெயரும் ஊரும் கேட்காத இந்த மரபின் முன்னால் நாம் பின்தங்கிவிடக் கூடாது. அண்டை வீட்டாரின் அறச் செயலைப் பார்த்து மகிழ்வதும் கடவுளின் தாராளத்தை ஒப்புக்கொள்வதே. அவர் நமக்கு மட்டும் கொடுப்பவர் அல்லர்.

சாதியைச் சொன்னதால் நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கல்லறையைச் சுவர் வைத்துப் பிரித்த கத்தோலிக்கர்களும் உண்டு, தேர் இந்தத் தெருவுக்கு வரும், அந்தத் தெருவுக்கு வராது என்று சண்டையிட்டவர்களும் உண்டு. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான கொள்கையை வெளியிட்டு, திருஅவைக்குள் நடக்கும் தீண்டாமையைப் பாவம் என்று ஒப்புக்கொண்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறித்தவர் பட்டியல் சாதியினருக்கான உரிமையை இழந்து நிற்கிறார்கள். வெளியே உரிமை இல்லாதவருக்கு உள்ளேயும் இடமில்லை என்றால் நாம் கடவுளிடம் பெற்றதை அவருடைய பிள்ளைகளிடமிருந்தே பறிக்கிறோம். ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்டுவிட்டு வெளியே வந்து தெருவைப் பிரிப்பவரின் காணிக்கையைக் கடவுள் ஏற்பாரா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். பீடத்தில் காணிக்கை செலுத்தும் முன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று சொன்னவர் ஆண்டவரே.

கூலியையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். கோவிலுக்கு ஆயிரம் கொடுத்துவிட்டு, வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு இரண்டு நாள் வரவில்லை என்று சம்பளத்தைப் பிடித்தால் அந்த ஆயிரத்தில் அவருடைய பணமும் கலந்திருக்கிறது. உபதேசியாருக்கும் கோயில்பிள்ளைக்கும் நம் நிறுவனங்களில் கடைநிலைப் பணி செய்பவருக்கும் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் தருகிறோமா என்பது பங்கின் மனச்சாட்சிக் கேள்வி. நீதியாகத் தரவேண்டியதைத் தந்து முடித்த பிறகே தருமம் தொடங்குகிறது.

மண்ணையும் நீரையும் மறந்துவிடக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல் பூமியை நம் பொது இல்லம் என்கிறது. நம் ஊர் மலையான அண்ணாமலை சில பத்தாண்டுகளுக்கு முன் மொட்டைப் பாறையாகக் கிடந்தது. பல நம்பிக்கைகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்காக மரம் நட்டு, கோடையில் தீ பரவாமல் தடுப்புக் கோடு வெட்டிக் காத்து அதைப் பசுமையாக்கினார்கள். 2024 டிசம்பர் 1 அன்று பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் போனதையும் இந்த ஊர் மறக்காது. மலையும் ஏரியும் கடவுள் தந்தவை. அவற்றின் ஓடைகளைக் குப்பையால் அடைக்காமல் காப்பதும், நம் திருவிழாக்களில் பிளாஸ்டிக்கையும் ஃப்ளெக்ஸ் பேனரையும் தவிர்ப்பதும் பக்தியின் பகுதி. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பலுகச் செய்தவரே, மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. எல்லையில்லாமல் தர வல்லவர் ஒரு துண்டையும் வீணாக்கவில்லை.

பெரியோர்களே, இந்தத் தவக்காலத்தில் செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு குடும்பமும் ஓர் இரவு உட்கார்ந்து, தாங்கள் இதுவரை யார் யாரிடம் என்னென்ன பெற்றோம் என்று எழுதிப் பாருங்கள். கட்டணம் கட்டிய தந்தையர், படிக்கவைத்த சகோதரிகள், இரத்தம் கொடுத்த பெயர் தெரியாதவர், பஞ்சத்தில் பாட்டனைக் காப்பாற்றிய கஞ்சி, எல்லாம் வரட்டும். அதன் கீழே, நாம் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் தவக்கால முயற்சி. அன்பியங்கள் ஒவ்வொன்றும் தன் தெருவில் ஒரு குடும்பத்தின் ஒரு தேவையை, அது எந்த மதத்துக் குடும்பமாக இருந்தாலும், ஓராண்டுக்குத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். பங்குப் பேரவையும் நிதிக் குழுவும் உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் ஆண்டுக் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். அதில் ஏழைகளுக்கென்று போன தொகை தனி வரியாகத் தெரியட்டும். அந்த வரி சிறியதாக இருந்தால் நாம் எல்லோரும் சேர்ந்து அடுத்த ஆண்டு அதைப் பெரிதாக்குவோம்.

கடவுள் நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக நடக்க நம்மால் முடியும். லியோனின் நெசவுப் பெண்களால் முடிந்தது. ஜாரிகோவின் கணக்கில் இன்று வாரம் பத்து ரூபாய் தரக்கூடிய பத்துப் பேர் இந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்து எழும் முன் அந்தப் பத்துப் பேரும் ஒருவரையொருவர் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வசூலிக்க ஒருவரையும் கணக்கெழுத ஒருவரையும் இன்றே தேர்ந்தெடுங்கள்.